பரிசுக்குப் படிப்பதா, கண்ணைப் படிப்பதா?

பிரிட்டனில் மருத்துவம் படிக்கும் மாணவர்களுக்குத் தேர்வுகளுக்குக் குறைவே இல்லை. அப்படியிருந்தும், யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு தேர்வைக் கட்டணம் கட்டி எழுதுபவர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கண் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நடத்தும் டியூக் எல்டர் பரிசுத் தேர்வுதான் அது. 2 மணி நேரம், 90 கேள்விகள். கேள்விக்கு 80 விநாடிதான் கிடைக்கும். இதில் தோற்றவர் மருத்துவர் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை. வென்றவர் மறுநாளே கண் மருத்துவர் ஆகிவிடுவதும் இல்லை.

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? கண் மீதான ஈடுபாடு ஒரு காரணம். கண் மருத்துவ மேற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தன் பெயர் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்ற கணக்கு மற்றொரு காரணம். இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால், கணக்கு ஈடுபாட்டை விழுங்கத் தொடங்கும்போது, மாணவர்கள் படிக்கும் முறையே மாறிவிடுகிறது. நோயாளியின் கண்ணுக்குள் பார்ப்பதற்குச் செலவிட வேண்டிய மாலைப் பொழுது, கேள்வி வங்கியைப் புரட்டுவதில் கழிகிறது. ஒரு பரிசுத் தேர்வின் தகுதியை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: அந்தத் தேர்வு மாணவரை நோயாளியின் அருகில் கொண்டுபோகிறதா, அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறதா?

சுருங்கிய பாடம், பெருகிய நோயாளிகள்

இந்தத் தேர்வு ஏன் முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பிரிட்டன் மருத்துவக் கல்வியில் கண்ணுக்குக் கிடைத்திருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். 1993இல் அந்நாட்டின் பொது மருத்துவ மன்றம் ‘நாளைய மருத்துவர்கள்’ என்ற வழிகாட்டு அறிக்கையை வெளியிட்டது. மாணவர்கள் தலையில் ஏற்றப்படும் தகவல் சுமையைக் குறைக்க வேண்டும், எல்லோருக்கும் தேவையான மையப் பாடங்கள் போதும் என்றது. நோக்கம் நல்லது. ஆனால், சுமையைக் குறைக்கக் கல்லூரிகள் கத்தரியை எடுத்தபோது, கண், காது, தோல் போன்ற ‘சின்னத் துறைகள்’தான் முதலில் வெட்டுப்பட்டன. இன்று பல கல்லூரிகளில் ஐந்தாறு ஆண்டுப் படிப்பில் கண்ணுக்குக் கிடைப்பது ஓரிரு வாரங்கள். அதிலும் சில நாட்கள் ஒரு மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும்.

மருத்துவமனையிலோ நிலைமை நேர் எதிர். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.ஸில் புறநோயாளிகள் அதிகம் வரும் துறையாகக் கண் மருத்துவம் ஆகிவிட்டது. மொத்தப் புறநோயாளிச் சந்திப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கண்ணுக்கானது. அங்கே அதிகம் செய்யப்படும் அறுவை சிகிச்சையும் கண்புரை அறுவை சிகிச்சைதான். மக்களின் ஆயுள் கூடக் கூட, கண்புரை, கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா), முதுமையில் வரும் விழித்திரை மையச் சிதைவு, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு எல்லாம் கூடிக்கொண்டே போகின்றன. வரிசை நீள்கிறது. அந்த வரிசையை முதலில் சந்திக்கும் குடும்ப மருத்துவர் தன் கல்லூரி நாட்களில் கண்ணைப் பற்றிப் படித்ததோ இரண்டு வாரம்!

இந்த இடைவெளியில்தான் பரிசுத் தேர்வு வந்து நிற்கிறது. பாடத்திட்டம் கொடுக்காத ஆழத்தை, பரிசு என்ற தூண்டில் போட்டுக் கொடுக்கிறது. இதை எழுதும் மாணவர்களில் பெரும்பாலோர் கண் மருத்துவர் ஆகப்போவதில்லை. ஒருவர் குழந்தை நல மருத்துவர் ஆகலாம், இன்னொருவர் நரம்பியலுக்குப் போகலாம், பலர் குடும்ப மருத்துவர்கள் ஆவார்கள். அவர்கள் கண்ணுக்காகச் செலவிட்ட மாதங்கள் வீண் என்று யாராவது சொன்னால், இந்தத் தேர்வு எதைக் கேட்கிறது என்பதை அவர் பார்த்ததில்லை என்று பொருள்.

என்ன கேட்கிறார்கள்?

கண்ணின் உடற்கூறு, இயக்கம், நோய்க்குறியியல், மரபியல், அறுவை சிகிச்சை, மருந்து என்று பரப்பு விரிகிறது. அதோடு, கண் மருத்துவத்தின் சமூக, பொருளாதாரப் பக்கமும் பாடத்தில் உண்டு. பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால், நல்ல கேள்விகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார்.

ஓர் எடுத்துக்காட்டு. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் திடீர் தலைவலியுடன் வருகிறார். ஒரு பக்க இமை தொங்கியிருக்கிறது. கண் வெளிப்பக்கமாகவும் கீழ்நோக்கியும் திரும்பி நிற்கிறது. கண்மணி விரிந்திருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? மூன்றாவது மூளை நரம்பு செயலிழந்திருக்கிறது என்பதை உடற்கூறு படித்தவர் சொல்லிவிடுவார். கண்மணி விரிந்திருப்பதன் பொருள் தெரிந்தவர்தான் எழுந்து ஓடுவார். கண்மணியைச் சுருக்கும் நரம்பிழைகள் அந்த நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் முதலில் அடிபடுவது அவைதான். மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் அழுத்திக்கொண்டிருக்கலாம், எந்த நேரமும் அது வெடிக்கலாம். ரத்தக்குழாய் ஸ்கேன் உடனே எடுத்தாக வேண்டும். சர்க்கரை நோயால் இதே நரம்பு பாதிக்கப்படும்போது நரம்பின் உட்பகுதிக்குத்தான் ரத்த ஓட்டம் குறைகிறது. அதனால் கண்மணி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. நரம்பிழை எங்கே ஓடுகிறது என்ற ஒரு வரி, உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது.

இன்னொன்று. 70 வயதைத் தாண்டிய ஒருவருக்கு நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவும்போது உச்சந்தலையில் வேதனை, மெல்லும்போது தாடை வலி. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருக்கிறது. நெற்றிப்பொட்டுத் தமனியின் அழற்சி இது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, தமனித் துணுக்கை வெட்டிச் சோதிக்க நாள் குறித்து, அதன் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இன்னொரு கண்ணும் போய்விடக்கூடும். ஸ்டீராய்டை முதலில் தொடங்கு, மற்றதெல்லாம் பிறகு என்பதே விடை. கண்ணில் சுண்ணாம்போ அமிலமோ பட்டு வருபவருக்கும் இதே அவசரம். பார்வையை அளந்து, கதை கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முதல் வேலை, ஏராளமாக நீர் விட்டுக் கழுவுவது.

மரபியலிலும் இப்படித்தான். லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் தாய் வழியாக மட்டுமே வரும். அதற்குக் காரணமான மரபுப் பிழை, செல்லின் கருவில் இல்லாமல் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. இதை மனப்பாடம் செய்தவருக்கு ஒரு மதிப்பெண். புரிந்துகொண்டவரோ, நோயுள்ள தந்தை தன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது அவருக்கு ஆறுதல் சொல்லும் அறிவைப் பெற்றவர். குழந்தையின் கண்மணி ஒளிப்படத்தில் சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகத் தெரிந்தால், விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதும் இந்தத் தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவரும் தவறவிடக் கூடாத பாடம். பிற்காலத்தில் அவர் எந்தத் துறைக்குப் போனாலும் அது ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றும்.

சமூகப் பக்கமும் சளைத்ததல்ல. கார் ஓட்டுபவர் 20 மீட்டர் தொலைவிலிருந்து வண்டியின் எண் பலகையைப் படிக்க வேண்டும், பார்வைக் கூர்மை குறைந்தது 6/12 இருக்க வேண்டும் என்பவை பிரிட்டன் விதிகள். பார்வை குறைந்துவரும் ஓர் ஓட்டுநரிடம் ‘இனி ஓட்டாதீர்கள்’ என்று சொல்லும் சங்கடமான கடமை மருத்துவருக்கு வரும். அதைச் சொல்ல முதலில் விதி தெரிந்திருக்க வேண்டும்.

மாறிவிட்ட விடை

தயாரிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், வேலை செய்யும் வயதினர் பார்வையிழப்புச் சான்று பெறுவதற்கு முதன்மைக் காரணம் என்ன? பல பத்தாண்டுகளாக இதற்கு ஒரே விடைதான்: சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைத்தான் மனப்பாடம் செய்தார்கள். 2014இல் வெளியான ஆய்வு, 2009-10 கணக்குப்படி அந்த இடத்தைப் பரம்பரை விழித்திரை நோய்கள் பிடித்துவிட்டன என்று காட்டியது. ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக நடந்த மாற்றம் அது.

விடை ஏன் மாறியது? 12 வயதும் அதற்கு மேலும் உள்ள சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் அழைத்து விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கும் திட்டம் அந்த ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவியது. ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் சிகிச்சையும் மேம்பட்டது. ஒரு தேர்வுக் கேள்வியின் விடையையே ஒரு பொதுச் சுகாதாரத் திட்டம் மாற்றியிருக்கக்கூடும் என்பது எவ்வளவு பெரிய செய்தி! கேள்வி வங்கியை மட்டும் நம்பியவருக்கு இந்தச் செய்தி கிடைத்திருக்காது. அவர் பழைய விடையைக் குறித்துவிட்டு வந்திருப்பார். ஒரு மதிப்பெண் போனது பெரிதல்ல. தன் நாட்டின் மருத்துவத்தில் நடந்த நல்ல காரியம் ஒன்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

எப்படிப் படிக்கலாம்?

கண் மருத்துவ நூல்கள் கண்ணுக்கே வலி தரும் அளவு பருமனானவை. மாணவர்கள் செய்யும் முதல் தவறு, ஜாக் கான்ஸ்கி 1984இல் முதன்முதலில் கொண்டுவந்த ‘கிளினிக்கல் ஆப்தல்மாலஜி’யை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது. மேற்பயிற்சி மருத்துவர்களே பல ஆண்டுகள் புரட்டும் நூல் அது. அதன் அருமை படங்களில் இருக்கிறது. நோயின் முகத்தைப் பார்த்துப் பழக அதைத் திறக்க வேண்டும். வரிவரியாக விழுங்கத் தேவையில்லை. அடிப்படைக்கு, மாணவர்களுக்கென்றே எழுதப்பட்ட சிறிய நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதை இரண்டு மூன்று முறை முழுதாகப் படிப்பது மேல். ஐந்து நூல்களை அரைகுறையாகப் படிப்பதைவிட ஒரு நூல் மனதில் பதிவது நல்லது. சந்தேகம் வரும் இடங்களுக்கு டென்னிஸ்டனும் மர்ரேயும் எழுதிய ஆக்ஸ்ஃபோர்ட் கையேடு இருக்கிறது.

உடற்கூற்றையும் ஒளியியலையும் முதலில் முடித்துவிட வேண்டும். கண்ணின் மொத்த ஒளிவிலகு திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கருவிழிப் படலமே தருகிறது. இந்த ஒரு தகவல் தெரிந்தால், லேசர் சிகிச்சையில் ஏன் கருவிழிப் படலத்தைச் செதுக்குகிறார்கள், கூம்பு வடிவக் கருவிழியில் ஏன் பார்வை அவ்வளவு சிதைகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும். கண்ணுக்குள் இருக்கும் நீர் எங்கே சுரந்து எந்த வழியாக வடிகிறது என்பதைப் படம் வரைந்து பார்த்தவருக்குக் கண் நீர் அழுத்த நோய்க்கான மருந்துப் பட்டியல் மனப்பாடச் சுமையாக இருக்காது. ஒவ்வொரு மருந்தும் சுரப்பைக் குறைக்கிறதா, வடிகாலைத் திறக்கிறதா என்று கேட்டாலே பட்டியல் ஒழுங்காகிவிடும்.

அடுத்து, கண் அவசர சிகிச்சைப் பிரிவு. வாரத்தில் ஒரு மாலை அங்கே போய் நிற்பதற்கு ஈடான படிப்பு வேறில்லை. சிவந்த கண்ணோடு பத்துப் பேர் வரிசையில் வருவார்கள். எட்டுப் பேருக்குச் சாதாரண தொற்றோ ஒவ்வாமையோ இருக்கும். ஒருவருக்குக் கருவிழியில் புண், ஒருவருக்குக் கண்ணுள் அழற்சி. இந்த இரண்டு பேரை அந்த எட்டுப் பேரிலிருந்து பிரித்தறிவதுதான் மருத்துவம். வலி எப்படி, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை குறைந்ததா, லென்ஸ் அணிகிறாரா என்று கேட்கக் கேட்க, புத்தகத்தில் அட்டவணையாக இருந்தது மனிதராகிவிடும். அன்று பார்த்த நோயை அன்றிரவே நூலில் தேடிப் படித்தால், பிறகு அதை மறக்கவே முடியாது.

கண்ணுக்குள் பார்க்கும் கருவியான ஆப்தல்மாஸ்கோப்பைக் கையில் எடுக்கக் கூச்சப்படாத மாணவர்கள் குறைவு. பத்து முறை பார்த்தும் பார்வை நரம்பின் தட்டு தெரியவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாமல் பார்க்க வேண்டும். நண்பரின் கண்ணைப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களின் கண்ணைப் பாருங்கள். இயல்பான நரம்புத் தட்டை நூறு முறை பார்த்தவருக்குத்தான் வீங்கிய தட்டு கண்ணில் படும். மூளையில் அழுத்தம் கூடிய நோயாளியைக் காப்பாற்றுவது, தேர்வுத்தாளில் இல்லாத இந்தப் பழக்கம்தான்.

கேள்வி வங்கிக்கு வேலையே இல்லையா? உண்டு, கடைசி வாரங்களில். 80 விநாடிக்குள் முடிவெடுக்கும் பழக்கம் வேண்டும். எந்தப் பகுதியில் பலவீனம் என்று தெரிய வேண்டும். தவறான ஒவ்வொரு விடைக்கும் ‘ஏன் இது இல்லை’ என்று ஒரு வரி எழுதிப் பார்ப்பவர், சரியான விடையை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவரைவிடப் பல மடங்கு கற்கிறார். முந்தைய தேர்வர்கள் நினைவிலிருந்து எழுதிப் பகிரும் கேள்விகளை நம்பிப் போவது வேறு கதை. அது நேர்மையும் அல்ல, பயனும் குறைவு. நினைவுப் பிழைகளும் காலாவதியான விடைகளும் அதில் மலிந்திருக்கும்.

பரிசு மதிப்பெண் ஆனபோது

பிரிட்டனில் கண் மருத்துவ மேற்பயிற்சி ஏழு ஆண்டு. நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு முறை. இடங்கள் மிகக் குறைவு. ஓர் இடத்துக்குப் பத்துப் பேரும் அதற்கு மேலும் மோதுகிறார்கள். விண்ணப்பதாரரின் ஆய்வுக் கட்டுரைகள், பரிசுகள், அனுபவங்களுக்கெல்லாம் புள்ளிகள் உண்டு. டியூக் எல்டர் தேர்வில் முன்னணி இடம் பெற்றதும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. அன்றோடு தேர்வின் குணம் மாறத் தொடங்கிவிட்டது.

விளைவுகள் கண்கூடு. கட்டணப் பயிற்சி வகுப்புகள் வந்துவிட்டன, இந்தத் தேர்வுக்கென்றே வழிகாட்டி நூல்கள் வந்துவிட்டன. இரண்டாம் ஆண்டு மாணவரே ‘எந்த ஆண்டில் எழுதினால் முன்னணியில் வரலாம்’ என்று கணக்குப் போடுகிறார். இதில் ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. பெரிய கண் மருத்துவமனை பக்கத்தில் இருக்கும் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, சிறு நகர மாணவருக்கு இல்லை. படிப்புக் கடனை அடைக்க மாலை வேலைக்குப் போகும் மாணவருக்கு வகுப்புக் கட்டணமும் நேரமும் கிடையாது. ஏற்கெனவே வசதி உள்ளவரின் விண்ணப்பத்தில் இன்னும் சில புள்ளிகள் ஏறுகின்றன.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, ஒருவர் நல்ல கண் மருத்துவர் ஆவாரா என்று எவ்வளவு தூரம் சொல்லும்? நுண்ணோக்கியின் கீழ் நடுங்காத கையை அது அளக்காது. இனி பார்வை திரும்பாது என்ற செய்தியை ஒரு தாயிடம் சொல்லும் பக்குவத்தை அளக்காது. அறிவை அளக்கிறது, அதுவும் அவசியம்தான். ஆனால், அறிவை அளக்கும் கருவியைக் கொண்டு ஆளை அளக்கக் கூடாது. பரிசு பரிசாகவே இருக்கட்டும். பணிக்கு ஆள் எடுக்கும் கணக்கிலிருந்து அதை நீக்கினால் எழுதுபவர்களின் எண்ணிக்கை குறையலாம். எழுதுபவர்கள் படிக்கும் தரம் கூடும்.

பார்க்க மறுத்த மேதை

இந்தத் தேர்வு யார் பெயரால் நடக்கிறதோ அவருடைய வாழ்க்கையிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. சர் ஸ்டூவர்ட் டியூக் எல்டர் 1898இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்கு அருகே பிறந்தவர். 1932இல் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் கண்ணில் அறுவை சிகிச்சை செய்தவர். எட்டாம் எட்வர்ட், ஆறாம் ஜார்ஜ், இரண்டாம் எலிசபெத் என மூன்று ஆட்சியாளர்களுக்குக் கண் மருத்துவராக இருந்தவர். 7 தொகுதிகளில் ஒரு பாடநூல், அதன்பின் 15 தொகுதிகளில் ‘சிஸ்டம் ஆஃப் ஆப்தல்மாலஜி’ என்று கண்ணைப் பற்றி அதுவரை மனித குலம் அறிந்தது அனைத்தையும் தொகுத்து வைத்தவர். 1978இல் அவர் மறைந்தபோது, கண் மருத்துவ அறிவின் மறுபெயராகவே அவர் பெயர் இருந்தது.

அதே லண்டனில், புனித தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்களில் சிதறிப் புகுந்த பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் எந்தக் கோளாறும் செய்யாமல் அப்படியே இருப்பதை அவர் கவனித்திருந்தார். அவர் கண்புரை அறுவை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொரு லென்ஸை வைக்கமாட்டீர்களா என்ற பொருளில் கேட்டாராம். அந்தக் கேள்வியும் பழைய கவனிப்பும் சேர்ந்தன. 1949 நவம்பரில் ரிட்லி முதல் செயற்கை விழிலென்ஸைப் பொருத்தினார்.

மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. நோயுற்ற பகுதியை அகற்றுவதுதான் அறுவை சிகிச்சை, அந்நியப் பொருளைக் கண்ணுக்குள் வைப்பது பொறுப்பற்ற செயல் என்றார்கள். எதிர்த்தவர்களில் டியூக் எல்டரும் ஒருவர். 1951இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த கூட்டத்துக்கு ரிட்லி தன் நோயாளிகளை அழைத்து வந்தபோது, அவர்களுடைய கண்களைப் பரிசோதிக்கவே டியூக் எல்டர் மறுத்துவிட்டார் என்பது கண் மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ரிட்லிக்கு சர் பட்டம் 2000இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது 93.

கண்ணைப் பற்றி உலகிலேயே அதிகம் படித்தவர், தன் எதிரே வந்த கண்ணைப் பார்க்க மறுத்தார். எதுவும் சாதித்திராத ஒரு மாணவர், பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். இன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கண்ணில் இருப்பது அந்தக் கேள்வியின் பலன். டியூக் எல்டரின் மேதைமை இதனால் குறைந்துவிடாது. அவருடைய தொகுதிகள் இல்லாமல் ஒரு தலைமுறை கண் மருத்துவர்கள் உருவாகியிருக்க முடியாது. ஆனால், அவர் பெயரால் நடக்கும் தேர்வுக்குப் படிப்பவர் இந்த நிகழ்ச்சியையும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு

இந்தக் கதை லண்டனோடு முடியவில்லை. லண்டனில் 1805இல் தொடங்கிய மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் பயின்ற மருத்துவர் ரிச்சர்ட்சன் 1819இல் சென்னையில் தொடங்கியதுதான் இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. அங்கே பணியாற்றிய ராபர்ட் ஹென்றி எலியட் 1909இல் வகுத்த கண் நீர் அழுத்த அறுவை முறை, உலகப் பாடநூல்களில் அவர் பெயரோடு இடம்பெற்றது. சென்னை ஏழைகளின் கண்களை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பெற்ற அறிவு அது. பணக்கார நாடுகளுக்கு மட்டும் எட்டும் விலையில் இருந்த ரிட்லியின் லென்ஸை, 1992 முதல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் லென்ஸ் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த அரவிந்த் மருத்துவமனைக்கு, அறுவை சிகிச்சை கற்றுக்கொள்ள வெளிநாட்டு மருத்துவர்கள் வருகிறார்கள்.

இப்படிப்பட்ட மண்ணில் படிக்கும் எம்.பி.பி.எஸ். மாணவருக்குக் கண் என்பது என்ன? நீட் முதுநிலைத் தேர்வின் 19 பாடங்களில் ஒன்று. அதிலும் எத்தனை கேள்வி வரும் என்று எண்ணிப் பார்த்து ஒதுக்கப்படும் பாடம். பிரிட்டன் மாணவருக்கு நோயாளியைப் பார்க்க வாய்ப்புக் குறைவு. நம் மாணவருக்கோ வாய்ப்பு வாசலிலேயே காத்திருக்கிறது, போய்ப் பார்க்கத்தான் தூண்டுதல் இல்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் நம் கண் மருத்துவமனைகளும் சேர்ந்து மாணவர்களுக்கென ஒரு கண் மருத்துவப் பரிசுத் தேர்வை நடத்தலாம். பிரிட்டனின் அனுபவத்திலிருந்து இரண்டு திருத்தங்களோடு நடத்த வேண்டும். பாதி மதிப்பெண் நோயாளியின் அருகில் வைத்துத் தரப்பட வேண்டும்: ஆப்தல்மாஸ்கோப்பில் என்ன தெரிகிறது, கண்மணி வெளிச்சத்துக்கு எப்படிச் சுருங்குகிறது, இந்த முதியவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். அந்த மதிப்பெண் எந்த முதுநிலை இடத்துக்கும் புள்ளியாகக் கூடாது. பரிசாக, ஒரு மாதம் கிராமக் கண் சிகிச்சை முகாம்களில் பணியாற்றும் வாய்ப்பைக் கொடுக்கலாம். பெரிய செலவு எதுவும் ஆகாது.

இதற்கிடையில், பிரிட்டனிலோ இங்கேயோ கண் மருத்துவப் பரிசுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றாகப் படியுங்கள், முதலிடத்துக்கே குறிவையுங்கள். ஆனால், ஒரு நாளில் எத்தனை கேள்விகளுக்கு விடை குறித்தீர்கள் என்று எண்ணுவதற்கு முன், அன்று எத்தனை பேரின் கண்களைப் பார்த்தீர்கள் என்று எண்ணுங்கள். பரிசு ஒருவருக்குத்தான் கிடைக்கும். பார்த்துப் பழகிய கண், எழுதிய எல்லோருக்கும் மிஞ்சும். அவர்களிடம் வரும் நோயாளிகளுக்கு அதுதான் பயன்படும்.